அந்தாண்டதா, இந்தாண்டதா?

கணினித் திரைகளை வடிவமைக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்த உங்களோடு பேச என்னைக் கூப்பிட்டிருந்த அன்று, கிளம்பும் நேரத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “மேடம், திரையைச் சோதிச்சுப் பார்த்தோம். வந்தவங்க எல்லாரும் சரியாத்தான் செஞ்சாங்க. அதுக்கு மேல என்ன பார்க்கணும்?” காருக்கு நேரமாகிவிட்டதால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் கொஞ்சம் நீளம். அது ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் நடந்த கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது.

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம், அரிசி ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுத் திரைகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊற வைத்து அவிக்கும் பெரிய டேங்குகள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வீடு உயரத்துக்கு வரிசையாக நிற்கும். மேலே நெல்லைக் கொட்டுவார்கள், பக்கவாட்டில் பாய்லரிலிருந்து ஆவி வரும், அவிந்த நெல் அடியிலுள்ள கதவு வழியாக விழும். அந்த ஆலையில் அப்படி ஆறு டேங்குகள். வரிசையின் ஒரு முனையில் பாய்லர், மறுமுனையில் லாரி வரும் கேட். முன்பெல்லாம் ஒவ்வொரு டேங்கின் பக்கத்திலும் போய் நின்று, கையால் வால்வைச் சுற்றித்தான் ஆவியைத் திறப்பார்கள். நாங்கள் அந்த வேலையை ஒரே ஒரு தொடுதிரைக்குக் கொண்டுவந்தோம். ஆறு டேங்கின் படமும் அதில் இருக்கும். படத்தைத் தொட்டால் வால்வு திறக்கும். தொட்டதும் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று இன்னொரு முறை தொட வேண்டும்.

திரை வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பகல் ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர். முப்பதைத் தாண்டிய பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து, கணினி தெரியும் என்பதால் திரைக்கு மாற்றப்பட்டவர். அவர் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

அன்று காலை, கேட் பக்கத்து டேங்கில் நெல் கட்டிக்கொண்டு கீழே விழவில்லை. தனசேகர் என்ற தொழிலாளி டேங்குக்கு அடியில் போய், கதவைத் திறந்து, நீளக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் பாய்லர் பக்கத்து டேங்குக்கு ஆவி விட வேண்டியிருந்தது. அடுத்த ஷிப்டுக்குச் சீக்கிரமாக வந்திருந்த ஆபரேட்டர் பாஸ்கர் அங்கே நின்றுகொண்டு, “எஸ்தரு, இந்தாண்டது தொறந்துடு!” என்று தன் பக்கத்து டேங்கைக் கையால் காட்டிக் கத்தினார். எஸ்தர் திரையைத் தொட்டார். ‘ஆம்’ என்பதையும் தொட்டார். திறந்தது கேட் பக்கத்து டேங்கின் வால்வு. தனசேகரின் தலைக்கு மேலிருந்து ஆவி பீய்ச்சி அடித்தது. அவர் பின்னால் பாய்ந்து விழுந்ததால் உயிர் தப்பினார். வலது முன்கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின.

மறுநாள் என் மேலாளர் என்னை அழைத்தார். “நீ அந்தப் பக்கத்து ஆள்தானே. போய்ப் பார்த்துட்டு வா. ஆபரேட்டர் தவறுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி வேணும். இந்த வாரக் கடைசியில வெம்பாக்கம், செய்யாறு பக்கத்து ஆலைக்காரங்க எல்லாம் அந்தத் திரையைப் பார்க்க வர்றாங்க.”

எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். ஆரணிக்குப் போவது பெரிய விஷயமில்லை. ஆனால் பார்ப்பதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருந்த ஒரு வேலைக்குப் போவது அதுதான் முதல் தடவை.

ஆலை முதலாளி மரியாதையாகத்தான் வரவேற்றார். டீ வந்தது. “மெஷின் மேல ஒண்ணும் தப்பு கெடையாது மேடம். அந்தப் பொண்ணுக்குக் கவனம் பத்தல. களத்துல நெல்லு வாரப் போட்டுட்டேன். மாசக் கடைசில கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்” என்றார்.

“ஆபரேட்டர் எல்லாரையும் வைத்து ஒரு சோதனை செய்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். ஆலையை நிறுத்த முடியாது என்றார் அவர். அறுவடைச் சமயம், வாசலில் லாரிகள் நின்றன. ஆகவே அவருடைய ஆபீஸ் அறையில், ஒரு மடிக்கணினியில் அதே திரையை ஓடவிட்டுச் செய்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள். ‘மூன்றாம் டேங்கில் ஆவியைத் திற’, ‘ஐந்தாம் டேங்கை மூடு’ என்று சொன்னேன். எல்லாரும் சரியாகச் செய்தார்கள். எஸ்தரும்தான். அவருக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. எல்லாரும் சரியாகச் செய்துவிட்டார்கள். வந்த காரியம் முடிந்துவிட்டது. முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

“பார்த்தீங்களா மேடம்? நல்லாவே தெரிஞ்சுகினு கீறா. தெரிஞ்சும் கவனிக்காம அமுக்கியிருக்கா. அப்ப அது திமிருதானே?”

நல்ல எண்ணத்தோடு செய்த சோதனை, அந்தப் பெண்ணின் மேல் இருந்த பழியை இன்னும் இறுக்கிவிட்டது. எஸ்தர் கதவோரத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து களத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் சோதனைக்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்வார்: “நாங்கள் சோதிப்பது திரையை, உங்களை அல்ல.” நீங்களும் இன்று அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறீர்கள். அறையை விட்டு வெளியே போன பிறகு அந்த வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டியதும் நம் வேலைதான் என்பது எனக்கு அன்று உறைத்தது. சோதனையின் முடிவை வைத்து ஒருவர் வேலை போகுமென்றால், நாம் சொன்னது பொய்.

மேலாளர் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அப்புறம் என்ன, எழுதி அனுப்பு.”

“இன்னும் ஒரு நாள் வேணும் சார். ஆபீஸ் ரூம்ல பண்ணியிருக்கேன். ஆலையில ஒண்ணும் பார்க்கல.”

“சோதனைன்னா சோதனைதானே? ரிசல்ட் பிடிக்கலைன்னா இன்னொண்ணு பண்ணுவியா?”

கேட்டது நியாயமான கேள்வி. பிடித்த முடிவு வரும்வரை சோதித்துக்கொண்டே இருப்பதும் ஒருவகை ஏமாற்றுதான். அதனால் உடனே இன்னொரு சோதனை வைக்கவில்லை. மறுநாள் காலையில் ஆலைக்குள் போய், ஒரு தூணோரமாக நின்று, வேலை நடப்பதைப் பார்த்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

உமிப் புகையும் பாய்லர் இரைச்சலும் பழக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழகியபின் முதலில் காதில் விழுந்தது ஒன்றுதான். அந்த ஆலையில் யாருமே டேங்குக்கு எண் சொல்லவில்லை. மூன்றாம் டேங்க், ஐந்தாம் டேங்க் என்பதெல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள். அவர்கள் “அந்தாண்டது”, “இந்தாண்டது”, “கேட்டாண்ட கீறது” என்று பக்கத்தை வைத்துத்தான் பேசினார்கள். அதையும் இரைச்சலில் பாதி கேட்காது. கையைத்தான் காட்டுவார்கள்.

அடுத்து, திரை இருந்த இடம். மின்கம்பி கிட்டத்தில் இருக்கிறது என்று, டேங்குகளுக்கு எதிர்ச் சுவரில் அதைப் பொருத்தியிருந்தார்கள். திரையைப் பார்த்து நின்றால் டேங்குகள் முதுகுக்குப் பின்னால். எங்கள் பொறியாளர் டேங்குகளைப் பார்த்தபடி நின்று படம் வரைந்திருக்கிறார். ஆகவே திரையில் பாய்லர் இடது ஓரம், கேட் வலது ஓரம். ஆனால் சுவரைப் பார்த்து நிற்கும் ஆபரேட்டருக்குப் பாய்லர் இருப்பதோ வலது கைப் பக்கம். யாராவது பாய்லர் பக்கத்திலிருந்து கூப்பிட்டால், அவர் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பார். கை தானாக வலது பக்கம்தான் போகும். திரையில் வலது பக்கம் இருப்பது கேட் பக்கத்து டேங்க்.

எஸ்தருக்குப் பதிலாக அன்று திரையைப் பார்த்துக்கொண்டவர் பாஸ்கர். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கி, விரலைத் திரைக்கு மேலே நிறுத்தி, பிறகுதான் தொட்டார். ‘நிச்சயமா?’ என்ற கேள்வியை மட்டும் படிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் வருகிற கேள்வியை யார் படிப்பார்கள்?

எனக்குக் காரணம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. ஆனால் தோன்றியதை வைத்துக்கொண்டு முதலாளியிடம் பேச முடியாது. “ஒரு தடவை நெல் ஊறுகிற நேரத்துல, ஆவியின் மெயின் வால்வை மூடிட்டு, இங்கேயே வெச்சு சோதிக்கணும்” என்று கேட்டேன்.

“இன்னா மேடம், நேத்துதான் பண்ணீங்க. சும்மா பேஜார் பண்றீங்களே” என்று அவர் நகர்ந்துவிட்டார்.

அவரை மாற்றியது நான் இல்லை, தனசேகர். கட்டுப் போட்ட கையோடு அன்று மதியம் ஆலைக்கு வந்தார். ஐம்பதை நெருங்குகிற, அதிகம் பேசாத மனிதர். முதலாளி அவரை உட்காரச் சொல்லி, “உடம்பு சரியானதும் வா தனசேகர், அவசரமில்ல. அந்தப் பொண்ண மாத்திட்டேன்” என்றார்.

“மாத்துனா சரியாப் போச்சுங்களா?” என்று கேட்டார் தனசேகர். “அது ஏன் தொறந்துச்சுன்னு தெரியணும் எனக்கு. தெரியாம நான் திரும்ப அந்த டேங்க்குக்குக் கீழ போமாட்டேன். வேற யாரும் போறதா இல்ல. நான் கேட்டுட்டேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பினார். அடியில் போய்க் குத்த ஆள் இல்லையென்றால் ஆலை ஓடாது. “சாயந்திரம் ஊறல் போடும்போது பண்ணிக்குங்க மேடம். ஜல்தியா முடிச்சுடுங்க” என்றார்.

மெயின் வால்வை மூடினோம். பாய்லர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. திரையில் தொட்டால் ஆவி வராது. அந்தந்த டேங்கின் வால்வு ‘டக்’கென்று அடித்து, அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான். பாஸ்கர் முதலில் நின்றார். “நான் இருந்திருந்தா அன்னிக்கு இது நடந்தே இருக்காதுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நின்றார். தனசேகர் டேங்குகளுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிக் கத்த வேண்டும். எண் சொல்லக் கூடாது. வழக்கம்போல.

முதல் சில முறை சரியாகத்தான் வந்தது. பிறகு தனசேகர் கொஞ்சம் வேகமாகக் கூப்பிட ஆரம்பித்தார். பாய்லர் பக்கத்தில் நின்று, நல்ல கையை நீட்டி, “இத தொற, இத!” என்றார். பாஸ்கர் திரும்பிப் பார்த்தார், திரையைத் தொட்டார், ‘ஆம்’ என்பதையும் தொட்டார்.

‘டக்.’ கேட் பக்கத்து டேங்கின் விளக்கு எரிந்தது.

வேடிக்கை பார்த்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் முதலாளி அந்த டேங்கின் அடியில்தான் நின்றுகொண்டிருந்தார். போன் வந்ததென்று இரைச்சலை விட்டு விலகி அந்தப் பக்கம் போயிருந்தார். தலைக்கு மேலே சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்தார். பாஸ்கரைப் பார்த்தார். பிறகு போனில் இருந்தவரிடம் “அப்புறம் பேசறேன்” என்று சொல்லிவிட்டு, மெதுவாக வெளியே வந்தார்.

பாஸ்கர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நின்ற ஆபரேட்டரும் அதே டேங்கைத்தான் தவறாகத் தொட்டார். எஸ்தரைக் கூப்பிடலாமா என்று முதலாளியே கேட்டார். நான் களத்துக்குப் போனேன். எஸ்தர் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“வேணாங்க. நான் தொட மாட்டேன்” என்றார்.

“தொட வேண்டாம். கட்டாயம் ஒண்ணும் இல்ல. உன்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பாஸ்கர் அதே டேங்கைத்தான் தொட்டார். இன்னொருத்தரும்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கு நான் திரும்பிப் பார்த்தேங்க. பார்க்காம அமுக்கல. வீட்ல கூட இதத்தான் சொல்லிகினு இருந்தேன். யாரும் நம்பல.” கூடையை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, “அப்ப எனக்கு மட்டும் இல்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

சோதனையில் கலந்துகொள்ள மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு அவசரமானாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எஸ்தரை நான் அங்கே நிறுத்தியிருந்தால் என் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு சாட்சி கிடைத்திருக்கும். அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

அன்று மாலை மேலாளரிடம் சொன்னபோது அவர் உடனே தீர்வும் சொல்லிவிட்டார். “படத்தை இடம் வலமாத் திருப்பிடு. அரை மணி நேர வேலை. நாளைக்கழிச்சு ஆளுங்க வரும்போது காட்டிடலாம்.”

நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். இருந்தாலும் உண்மையான திரையில் கை வைக்குமுன் மலிவாக முயன்று பார்ப்போம் என்று தோன்றியது. முதலாளியின் தம்பிக்குப் பட்டுச் சேலைக் கடை. அங்கிருந்து சேலைப் பெட்டியின் அட்டை ஒன்றை வாங்கி, அதில் ஆறு டேங்கையும் திருப்பி வரைந்து, திரைக்கு மேலே ஒட்டினேன். மறுநாள் ஊறல் நேரத்தில் அவர்களை அட்டையைத் தொடச் சொன்னேன். தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டுத் தொட்டவர்களுக்குச் சரியாக வந்தது. முழுதாகத் திரும்பி, டேங்கை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத் தப்பியது. அதாவது, அதிகக் கவனமாகப் பார்த்தவருக்குத்தான் ஆபத்து. பழைய படத்துக்குப் பழகிய கையும் குழப்பியது. அவசரப்பட்டுத் திருப்பியிருந்தால், ஒரு தவறைப் பக்கம் மாற்றி வைத்திருப்போம்.

கடைசியில் பழையபடி வரைந்த இன்னொரு அட்டையை எடுத்துக்கொண்டு, பாஸ்கரை டேங்குகளைப் பார்த்தபடி நிற்க வைத்து, அவர் நெஞ்சுக்கு நேராக நானே பிடித்துக்கொண்டேன். தனசேகர் எங்கிருந்து கத்தினாலும், எவ்வளவு வேகமாகக் கத்தினாலும் தப்பவில்லை. பாஸ்கர் அட்டையைப் பார்ப்பதைவிட ஆளைத்தான் அதிகம் பார்த்தார். யார் எந்த டேங்கின் அடியில் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தவறு படத்தில் இல்லை. படத்தை மாட்டிய சுவரில் இருந்தது.

திரையை ஒரு கம்பத்தில் பொருத்தி, அதைத் தொடுகிறவர் டேங்குகளைப் பார்த்து நிற்கும்படி வைக்க வேண்டும் என்று எழுதினேன். கேபிள் நீட்ட வேண்டும், தரையை வெட்ட வேண்டும், ஒரு வாரம் ஆகும், அதுவரை வால்வுகளைக் கையால்தான் திறக்க வேண்டும். இன்னொன்றும் சேர்த்தேன். டேங்கின் அடியில் போகிறவர், அந்த டேங்கின் பழைய கை வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். திரையை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் ஒருவருடைய உயிர் இன்னொருவரின் விரல் நுனியில் மட்டும் இருக்கக் கூடாது. இதைத் திரை வடிவமைக்கிறவர்கள் ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

‘ஆபரேட்டர் தவறு’ என்ற வரி ரிப்போர்ட்டில் இல்லை. மேலாளர் படித்துவிட்டுப் போனில் கத்தினார். பார்வையாளர்களின் வரவு தள்ளிப்போனது. வெளியூர்களில் ஏற்கெனவே பொருத்திய ஆலைகளிலும் சுவர்களைப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. சில மாதங்களுக்கு அவர் என்னோடு வேலை தவிர வேறு பேசவில்லை. அந்த ஆண்டு எனக்கு வருமென்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த பதவி உயர்வும் வரவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்டதில்லை.

திரையை இடம் மாற்றிய பிறகு ஒருமுறை போயிருந்தேன். எஸ்தரைத் திரும்பத் திரைக்கு அழைத்திருந்தார்கள். முதலாளி மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் கேட்கவில்லை. “நாளைலேர்ந்து உள்ள வந்துடும்மா” என்று மட்டும் சொன்னாராம். தனசேகரும் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று பாஸ்கர் சொன்னார். காரணம் தெரிந்துவிட்டது. அதற்காகப் பயம் போய்விடுமா?

நான் நின்றுகொண்டிருந்தபோதே நடுவிலிருந்த ஒரு டேங்கில் நெல் கட்டிக்கொண்டது. தனசேகர் கம்பியை எடுத்தார். வால்வை மூடினார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார், சாவியைப் பையில் போட்டார். டேங்கின் வாய் வரை போய்விட்டு நின்றுவிட்டார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தார்.

நேர் எதிரே எஸ்தர் நின்றிருந்தார். திரையிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். விரல்கள் விரிந்திருந்தன.

தனசேகர் அந்தக் கைகளைப் பார்த்தார்.

“எஸ்தரு, போறேன்மா” என்றார்.

“போங்கண்ணா. நான் பார்த்துகினுதான் கீறேன்.”

அவர் குனிந்து உள்ளே போனார். கம்பி இரும்பில் இடிக்கிற சத்தம் கேட்டது. நெல் சரிந்து விழ ஆரம்பித்து, அவர் வெளியே வந்து நிமிரும்வரை, எஸ்தர் கையை இறக்கவில்லை.